மிச்சம் எங்கே போகிறது

(மம்சாபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேதிப் பொறியாளனாக என் பணிக்காலம் முழுவதும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் கழிந்தது. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையும் அதைச் சார்ந்த பெட்ரோகெமிக்கல் ஆலைகளும் ஒரே வளாகமாக எப்படி இயங்குகின்றன என்பதை இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். கண்மாய்ப் பாசனமும் மாந்தோப்பும் தறியும் நூல்மில்லுமாக வாழும் இந்த வட்டாரத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். பக்கத்தில் சிவகாசியிலும் சாத்தூரிலும் நடக்கிற தீப்பெட்டி ஆபீஸில் இருந்தே தொடங்குகிறேன்.

தீக்குச்சியின் தலையில் இருக்கும் மருந்து ஒரு கணத்தில் எரிந்து முடிந்துவிடும். அவ்வளவு நேரத்துக்குள் மரம் பற்றாது. அதனால்தான் மருந்து வைப்பதற்கு முன்னால் குச்சியின் நுனியை உருக்கிய மெழுகில் தோய்க்கிறார்கள். மருந்து சீறும்போது அந்தச் சூட்டில் மெழுகு உருகி ஆவியாகிறது, ஆவி பற்றி நின்று எரிகிறது, அதன் பிறகே மரம் எரியத் தொடங்குகிறது. மெழுகு ஊறாத குச்சியை உரசினால் சர்ரென்று ஒரு சீறல், அதோடு சரி. அந்த மெழுகு பாரஃபின் மெழுகு. கச்சா எண்ணெயிலிருந்து பிரிந்து வருவது. சென்னை மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையில் ஆண்டுக்கு 30,000 டன் திறன் கொண்ட மெழுகுப் பிரிவு இருக்கிறது. மெழுகுவர்த்திக்கும் தண்ணீர் புகாத பூச்சுகளுக்கும் ஆகும் மெழுகோடு, தீப்பெட்டிக்கென்றே ஒரு ரக மெழுகைத் தயாரிக்கவும் வடிவமைத்த பிரிவு அது.

பட்டாசுக்குள் போகும் கந்தகத்தையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கந்தகத்தை மண்ணிலிருந்து தோண்டினார்கள். இன்று உலகச் சந்தைக்கு வரும் கந்தகத்தில் பெரும்பகுதி, எண்ணெயையும் எரிவாயுவையும் சுத்தம் செய்யும் இடங்களில் மீட்டெடுப்பது. பெட்ரோல் பங்க் ஒன்றையே பார்க்காத ஆள் இந்த ஊரில் இருந்தாலும், அவர் வீட்டு அடுப்பங்கரையில் கச்சா எண்ணெயின் ஏதாவது ஒரு துண்டு இருக்கும்.

அது எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு அடிப்படையைப் பிடித்துக்கொண்டால் போதும். செக்கில் கடலை ஆட்டினால் எண்ணெயும் புண்ணாக்கும் சேர்ந்தே வரும். எண்ணெய் மட்டும் போதும், புண்ணாக்கு வேண்டாம் என்று செக்குக்காரர் சொல்ல முடியாது. புண்ணாக்கை வாங்க மாட்டுக்காரர் இருக்கிறவரைதான் எண்ணெய் விலை கட்டும். இது விருதுநகர் வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாத கணக்கு. கச்சா எண்ணெய் ஆலையில் எண்ணெய், புண்ணாக்கு என்று இரண்டு அல்ல, பத்துப் பதினைந்து பொருள்கள் ஒரே சமயத்தில் வெளியே வருகின்றன. நாட்டுக்கு டீசல் மட்டும் வேண்டும் என்றாலும் நாப்தா என்ற லேசான எண்ணெய் வரத்தான் செய்யும், தார் வரத்தான் செய்யும். ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் இருந்தாக வேண்டும். ஒருங்கிணைந்த வளாகம் என்ற ஏற்பாடே இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது.

மணலியின் கதை இதற்கு நல்ல சாட்சி. 1965 நவம்பரில் இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டு மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தைத் தொடங்கின. பங்கு 74, 13, 13 விழுக்காடு. 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனோடு ஆலை ஓடத் தொடங்கியது. அறுபதுகளின் நடுவில் நாடு எப்படி இருந்தது என்பதை இங்கே இருக்கும் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மழை பொய்த்தது, ரேஷனில் வெளிநாட்டுக் கோதுமை வந்தது. உரம் தேவைப்பட்டது. புது ஆலையில் மிதமிஞ்சி வரப்போகும் நாப்தாவிலிருந்து அம்மோனியாவும், அம்மோனியாவிலிருந்து யூரியாவும் செய்யலாம். இந்திய அரசும் அமோகோவும் சேர்ந்து, அதே மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலையை அமைத்தார்கள். 1971-இல் உற்பத்தி தொடங்கியது. 'விஜய்' என்று பேர் போட்ட உர மூட்டை நம் வயல்களுக்கு வந்த வழி அதுதான். எரிபொருள் ஆலையின் மிச்சம் நெல்லுக்குப் போனது. மணலியின் முதல் இணைப்பு இப்படி ஏற்பட்டது.

சுத்திகரிப்பு ஆலை 2000-இல் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர் மாறி, பின்னர் இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமாயிற்று. இன்று அதன் திறன் ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன்.

இனி உள்ளே போவோம். சென்னைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் கச்சா எண்ணெய் குழாய் வழியாக மணலிக்கு வருகிறது. வருவது வெறும் எண்ணெய் அல்ல. அதில் உப்பு இருக்கும், சேறு இருக்கும், தண்ணீர் இருக்கும். உப்பை அப்படியே விட்டால் சூட்டில் அது அமிலமாகி இரும்பைத் தின்றுவிடும். ஆகவே முதல் வேலை குளிப்பாட்டுவது. எண்ணெயோடு தண்ணீரைக் கலந்து, உயர் மின்னழுத்தத் தகடுகளுக்கு நடுவே விட்டால், உப்பை ஏந்திய நீர்த்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் இறங்கும். ஆலையின் கழிவுநீர் இங்கேயே பிறந்துவிடுகிறது. பெட்ரோலின் முதல் சொட்டு வருவதற்கு முன்பே கழிவுநீர் வந்துவிடும் என்பதைக் கவனத்தில் வையுங்கள். பின்னால் இந்த இடத்துக்குத் திரும்ப வர வேண்டியிருக்கும்.

அடுத்து உலை. குழாய்க்குள் ஓடும் எண்ணெயை ஏறத்தாழ 360 டிகிரி செல்சியஸ்வரை சூடாக்குகிறார்கள். உலைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பார்வைத் துளை இருக்கும். ஷிப்டுக்கு வந்த ஆபரேட்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் மூடியைத் தள்ளி உள்ளே பார்ப்பார். சுடர் குழாயைத் தொடாமல் நேராக நிற்கிறதா, எந்த பர்னராவது மஞ்சளாகப் புகைகிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. அதைவிட முக்கியம் குழாயின் நிறம். வரிசையாகத் தொங்கும் குழாய்களெல்லாம் மங்கிய நிறத்தில் இருக்க, ஒன்றில் மட்டும் ஒரு முழ நீளம் செக்கச் சிவந்து தெரிந்தால், அங்கே உள்பக்கம் கரி படிந்திருக்கிறது, எண்ணெய் சூட்டை வாங்காமல் குழாயே சூட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கணினித் திரை எத்தனை வந்தாலும் அந்தத் துளை வழியாகப் பார்க்கும் பழக்கத்தை நல்ல ஆபரேட்டர் விடுவதில்லை.

உலையிலிருந்து எண்ணெய் கோபுரத்துக்குள் நுழைகிறது. 'காலம்' (column) என்று ஆலையில் சொல்வோம். ஆவி மேலே போகப் போகக் குளிர்ந்து, தட்டுத் தட்டாகத் திரவமாகிறது. உச்சியில் சமையல் எரிவாயுவும் நாப்தாவும், அதற்குக் கீழே மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும், அதற்கும் கீழே டீசல். சாதாரணக் கச்சா எண்ணெயில் ஏறத்தாழப் பாதி ஆவியாகாமல் அடியிலேயே நின்றுவிடும். இன்னும் சூடாக்கிப் பார்க்கலாமே என்றால், சூடு கூடக் கூட மூலக்கூறுகள் உடைந்து கரியாகிவிடும். ஆகவே இந்த அடிமண்டியை வேறொரு கோபுரத்துக்கு அனுப்பி, உள்ளிருக்கும் காற்றழுத்தத்தை வளிமண்டலத்தின் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறக்குகிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும். கனமான எண்ணெய்களும் கருகாமல் ஆவியாகிப் பிரியும். இன்ஜின் ஆயிலுக்கான அடிப்படை எண்ணெய் இந்த இரண்டாவது கோபுரத்திலிருந்து வருகிறது. அந்த எண்ணெயைக் கரைப்பானில் கலந்து பூஜ்யத்துக்கும் கீழே குளிர்வித்தால் அதில் இருக்கும் மெழுகு படிகமாகி நிற்கும், வடிகட்டி எடுத்துவிடலாம். குளிரில் இன்ஜின் ஆயில் கட்டியாகிவிடக் கூடாது என்பதற்காக நீக்கப்படும் பொருள் அது. ஆயில்காரருக்கு வேண்டாத மெழுகுதான் தீப்பெட்டிக்காரருக்கு உயிர்.

இதுவரை நடந்தது பிரிப்பு வேலை. கச்சா எண்ணெயில் என்ன இருந்ததோ அதுவே வெளியே வந்தது. சந்தைக்கு வேண்டிய அளவு எண்ணெயில் இயற்கையாக இருப்பதில்லை. அதனால் உடைக்க வேண்டியிருக்கிறது. கனமான எண்ணெயை மணல்போன்ற நுண்ணிய வினையூக்கித் தூளோடு 500 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் மட்டும் சேரவிட்டால், பெரிய மூலக்கூறு சிறிய மூலக்கூறுகளாக உடைகிறது. தூளின் மேல் கரி படியும். அந்தத் தூளைப் பக்கத்துப் பாத்திரத்துக்குக் கொண்டுபோய்க் கரியை எரித்துவிட்டு, எரித்த சூட்டோடு மறுபடியும் வேலைக்கு அனுப்புகிறார்கள். உடைப்பதற்கு வேண்டிய வெப்பத்தை, உடைத்ததில் வந்த கரியே தருகிறது. இரவு பகலாக டன் கணக்கான தூள் இரண்டு பாத்திரங்களுக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருக்கும். என் துறையில் மனித மூளை கண்டுபிடித்த அழகான ஏற்பாடு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இப்படி உடைக்கும்போது பெட்ரோலோடு நிறைய வாயுவும் வரும். அதில் ஒன்று புரோப்பிலீன். அதைச் சமையல் எரிவாயுவோடு சேர்த்து எரித்துவிடலாம். பிரித்தெடுத்தால் பிளாஸ்டிக்குக்கும் நுரைமெத்தைக்கும் மூலப்பொருள். பிரிப்பதுதான் பாடு. புரோப்பிலீன் கொதிப்பது மைனஸ் 48 டிகிரியை ஒட்டி. அதோடு கலந்திருக்கும் புரோப்பேன் கொதிப்பது மைனஸ் 42-இல். இடைவெளி ஆறு டிகிரிகூட இல்லை. இவ்வளவு ஒட்டி நிற்கும் இரண்டைப் பிரிக்க நூற்றைம்பது தட்டுக்கும் மேல் வேண்டியிருக்கும். கோபுரம் வானளாவ நிற்கும். சில இடங்களில் ஒரே கோபுரமாகக் கட்ட முடியாமல் இரண்டாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருப்பார்கள். மேலே எடுத்ததில் பெரும்பகுதியைத் திரும்பத் திரும்பக் கீழே அனுப்பி, கொஞ்சத்தை மட்டும் பொருளாக எடுப்பார்கள். பொறுமையையே இயந்திரமாகக் கட்டி நிறுத்தியதுபோல இருக்கும்.

மணலி ஆலையில் 1988-இல் ஆண்டுக்கு 17,000 டன் புரோப்பிலீன் பிரிவு வந்தது. 2004-இல் அது 30,000 டன்னாக உயர்ந்தது. வாங்கிக்கொள்ள ஆள் வேலிக்கு அந்தப் பக்கமே இருந்தார்கள். மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் நிறுவனம் புரோப்பிலீனை புரோப்பிலீன் ஆக்சைடாக மாற்றி, அதிலிருந்து பாலியால், புரோப்பிலீன் கிளைக்கால் என்று தயாரிக்கிறது. பாலியால் நுரைமெத்தையிலும் குளிர்பதனப் பெட்டியின் சுவருக்குள் இருக்கும் நுரையிலும் போகிறது. கிளைக்காலில் ஒரு ரகம் மருந்து சிரப்பில் சேர்கிறது. வேறொரு வாயுப் பிரிவிலிருந்து பாலிஐசோபியூட்டிலீன் செய்யும் ஆலையும், மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானைச் செய்யும் ஆலையும் மணலியிலேயே உண்டு. எண்ணெயிலிருந்து மெழுகைப் பிரிக்கப் பயன்படும் கரைப்பான்களில் அந்தக் கீட்டோனும் ஒன்று என்பதைச் சொன்னால், இந்த வலை எப்படித் தன்னையே பின்னிக்கொள்கிறது என்பது தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த இணைப்பு மண்ணெண்ணெய்க் குழாய். சுத்திகரிப்பு ஆலையிலிருந்து தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலைக்கு மண்ணெண்ணெய் போகிறது. அந்த ஆலைக்கு மண்ணெண்ணெய் முழுவதும் வேண்டாம். அதில் வளைவு கிளை இல்லாமல் நேர்ச் சங்கிலியாக இருக்கும் மூலக்கூறுகள் மட்டும் வேண்டும். நேரான சங்கிலி மட்டும் நுழையக்கூடிய நுண்துளைகள் கொண்ட ஒரு பொருளின் வழியாக மண்ணெண்ணெயைச் செலுத்தி, வேண்டியதை நிறுத்திக்கொண்டு, மீதியைத் திரும்ப வரும் குழாயில் சுத்திகரிப்பு ஆலைக்கே அனுப்பிவிடுகிறார்கள். எடுத்த நேர்ச் சங்கிலியோடு பென்சீனைச் சேர்த்தால் லீனியர் ஆல்கைல் பென்சீன். நீங்கள் துணி துவைக்கும் சோப்புத்தூளின் உயிர்ப்பொருள் அதிலிருந்து வருகிறது. சங்கிலி நேராக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கிளை விட்ட சங்கிலியில் செய்த பழைய சோப்புத்தூள் ஆற்றிலும் குளத்திலும் மக்காமல் நுரைத்துக்கொண்டே கிடந்தது. நேர்ச் சங்கிலியை நுண்ணுயிர்கள் தின்றுவிடும்.

இரண்டு நிறுவனங்கள், இரண்டு முதலாளிகள், இரண்டு கணக்குப் புத்தகங்கள். நடுவில் போகும் குழாய் ஒன்று, வரும் குழாய் ஒன்று. ஒருங்கிணைப்பு என்பது இதுதான். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் எல்லாம் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

ஆனால் மணலியில் இல்லாத ஒன்று உண்டு, தமிழ்நாட்டிலேயே இல்லாதது. நாப்தா கிராக்கர். ஒருங்கிணைந்த வளாகம் என்று உலகம் இன்று சொல்வது பெரும்பாலும் அதை மையமாக வைத்துத்தான். நாப்தாவை நீராவியோடு கலந்து 800 டிகிரிக்கு மேல் சூடான குழாயில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் ஓடவிட்டு, உடனே குளிர்வித்தால் எத்திலீனும் புரோப்பிலீனும் பியூட்டாடையீனும் பென்சீனும் கலந்த வாயு வரும். நேரம் கொஞ்சம் நீண்டால் எல்லாம் கரி. பிறகு அந்த வாயுவை அழுத்தி, மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே குளிர்வித்து, ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். ஒரே ஆலைக்குள் ஒரு பக்கம் செந்தழல், மறுபக்கம் உறைபனி.

ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் தன் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டி அமைத்த கிராக்கர் 2010-இல் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 8 லட்சம் டன்னுக்கு மேல் எத்திலீன் தருவது. குஜராத்தின் ஜாம்நகரில் ரிலையன்ஸின் வளாகம் உலகிலேயே பெரிய சுத்திகரிப்பு வளாகம். அங்கெல்லாம் என்ன ஆதாயம்? நாப்தாவை விற்கக் கப்பல் தேட வேண்டாம். குழாயில் அடுத்த ஆலைக்குப் போய்விடும். கிராக்கரில் துணையாகக் கிடைக்கும் ஹைட்ரஜன் திரும்பி வந்து டீசலிலிருந்து கந்தகத்தை நீக்க உதவும். கிராக்கரில் மிஞ்சும் பென்சீன் கலந்த திரவம், தேவையானதை எடுத்தபின் பெட்ரோலில் சேரும். ஓர் ஆலையின் நீராவி இன்னோர் ஆலையின் சக்கரத்தைச் சுற்றும். மின்சார வண்டிகள் பெருகப் பெருக, பெட்ரோல் விற்கும் என்ற உறுதி தளர்ந்துவருவதால், கச்சா எண்ணெயில் எரிபொருளின் பங்கைக் குறைத்து வேதிப்பொருளின் பங்கைக் கூட்டப் பார்க்கிறார்கள். சீனாவிலும் அரபு நாடுகளிலும் புதிதாக எழுகிற வளாகங்களின் நோக்கம் அது.

கஷ்டமும் அதே குழாய்களில்தான் வருகிறது. எல்லாம் ஒன்றோடொன்று கட்டுண்டிருப்பதால், ஓரிடத்தில் ஒரு கம்ப்ரசர் நின்றால் ஊரே நின்றமாதிரி ஆகிவிடும். வாங்க வேண்டியவர் வாங்கவில்லை என்றால் வாயு உயரத்தில் இருக்கும் ஃபிளேர் முனையில் போய் எரியும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது அழகான தீபம். பக்கத்தில் குடியிருப்பவருக்கு வெளிச்சம், இரைச்சல், நாற்றம், மூச்சடைப்பு.

நம் ராஜபாளையம் மில்களில் பருத்தியோடு கலந்து நூற்கும் பாலியஸ்டர் இழைக்கு எத்திலீனும் பாராசைலீனும் மூலம். மருத்துவத் துணிகளைக் கிருமி நீக்கும் முறைகளில் எத்திலீன் ஆக்சைடு வாயுவைப் பயன்படுத்துவதும் ஒன்று. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்பவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. இவற்றின் வேர் எல்லாம் வெளிமாநிலத்து வளாகங்களில் அல்லது வெளிநாட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் ஒன்று வேண்டும் என்று தொழில்துறையினர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேண்டாம் என்று கடற்கரை ஊர்க்காரர்களும் டெல்டா விவசாயிகளும் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2017-இல் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் 45 கிராமங்களைப் பெட்ரோகெமிக்கல் முதலீட்டு மண்டலமாக அரசு அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. 2020-இல் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. இந்த இரு தரப்பாரும் எதிரும் புதிருமாக நின்று பேசுவதைவிட, இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்க முடியும் என்று நான் நினைக்கிறேன். வளாகம் என்ன தயாரிக்கும் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். யாரும் வாங்காத மிச்சம் எங்கே போகும்?

சில மிச்சங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. கந்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்திய டீசலில் நூற்றுக்கு ஒரு பங்குவரை கந்தகம் இருக்க அனுமதி இருந்தது. அது எரிந்து, புகையாகி, நம் நுரையீரலுக்குள் வந்தது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் பிஎஸ்-6 தர எரிபொருள். பத்து லட்சம் பங்கில் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. ஹைட்ரஜனைச் செலுத்திக் கந்தகத்தை வாயுவாக்கி, அந்த வாயுவை மஞ்சள் கந்தகமாக மாற்றி விற்கிறார்கள். சட்டம் கட்டாயப்படுத்தியது, ஆலைகள் பெரும் பணம் செலவழித்தன, காற்றில் போன பொருள் மூட்டைக்கு வந்தது. கடைசி அடிமண்டியையும் 500 டிகிரிக்குக் கொண்டுபோய்க் கரிக்கட்டியாக்கி, பாத்திரத்துக்குள் இறுகிக் கிடக்கும் அந்தக் கரியைப் பெரும் அழுத்தத்தில் பாயும் தண்ணீரால் அறுத்து எடுக்கிறார்கள். அது சிமெண்டுச் சூளைக்குப் போகிறது. அதில் இருக்கும் கந்தகத்தைச் சூளையின் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது. அதே கரியைச் சாதாரணக் கொதிகலனில் போட்டால் அந்தக் கந்தகம் நேரே ஊருக்கு வரும்.

தண்ணீருக்கும் பாதி வழி கிடைத்தது. குளிர்விக்கும் கோபுரங்களில் ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு அளவே இல்லை. சென்னையில் குடிக்கவே தண்ணீர் இல்லாத ஆண்டுகளில் ஆலைக்கு யார் தருவார்கள்? தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே மணலி ஆலை நகரின் சாக்கடை நீரை வாங்கிச் சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கியது. பின்னர் காட்டுப்பள்ளியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை அமைத்தது. நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்ட சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைச் சென்னைக் குடிநீர் வாரியம் கொடுங்கையூரில் 2019-இல் திறந்தது; அதுவும் மணலித் தொழிற்சாலைகளுக்கென்றே கட்டியது. ஊரின் மிச்சம் ஆலைக்கு உணவாகியது. வானம் பார்த்த பூமியில் பிறந்த நாம் இதைப் பாராட்டத் தயங்கக் கூடாது.

வழி கிடைக்காத மிச்சமும் இருக்கிறது. 2009-இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று 43 தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலி வெள்ளக்காடானது. வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போயிற்று. மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்து, சென்னை பெட்ரோலிய ஆலை வளாகத்தின் மழைநீர் வழியில் எண்ணெய்த் தடத்தைக் கண்டதாகத் தெரிவித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற மட்டத்தில் கறுப்புக் கோடு. கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய். மீனவர்களின் வலை வீணானது, படகு கறுத்தது, பிடித்த மீனை வாங்க ஆள் இல்லை.

கச்சா எண்ணெயைக் குளிப்பாட்டிய தண்ணீரைப் பற்றிச் சொன்னேனே, அது, தொட்டிகளின் அடியில் சேரும் எண்ணெய்ச் சேறு, பம்புகளின் ஓரத்தில் கசிந்து தரையில் படிவது எல்லாமே கழிவுநீர்ப் பிரிவுக்குத்தான் போகின்றன. அங்கே எண்ணெயை மிதக்கவிட்டு வழித்தெடுப்பார்கள். சாதாரண நாளில் அது ஒழுங்காக நடக்கும். எல்லாக் கணக்கும் சாதாரண நாளுக்குப் போட்டது. ஒரே இரவில் கொட்டும் மழைக்கு அந்தத் தொட்டியின் விளிம்பு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதுதான் பொறியாளன் போட வேண்டிய கணக்கு. புரோப்பிலீன் கோபுரத்துக்குக் காட்டுகிற கவனத்தில் கால்பங்கை மழைநீர் வாய்க்காலுக்குக் காட்டியிருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு ஆறவில்லை. லாபம் தரும் குழாய்களை மில்லிமீட்டர் சுத்தமாக வரையும் என் துறை, செலவு மட்டுமே தரும் வாய்க்காலைக் கடைசி நாளில் வரைகிறது. இதை வேறு யாரும் சொல்வதைவிட அந்தத் துறைக்காரன் சொல்வது சரி.

இப்போது நாகப்பட்டினம். காவிரிப் படுகையில் கிடைக்கும் எண்ணெய்க்காக 1993-இல் அங்கே ஒரு சிறிய சுத்திகரிப்பு ஆலை வந்தது. தொடக்கத் திறன் ஆண்டுக்கு 5 லட்சம் டன். அந்த இடத்தில் 90 லட்சம் டன் ஆலைக்கு 2021 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அப்போது அறிவித்த செலவு 31,500 கோடி ரூபாய். பெட்ரோல், டீசலோடு பாலிப்ரோப்பிலீனும் அதன் பொருள்களில் ஒன்று. எரிபொருள் ஆலைக்குள்ளேயே பெட்ரோகெமிக்கலும் பிறந்துவிடும்படி வரைந்த திட்டம் அது.

இப்படிப்பட்ட திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாராகும். 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அதன் சுருக்கம் அந்தந்த ஊர் மொழியிலும் வைக்கப்பட வேண்டும். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். இங்கே இருக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த ஊர்த் திட்டமானாலும் சரி, அந்த அறிக்கையில் இரண்டு அட்டவணைகளைத் தேடுங்கள். ஒன்று பொருள் சமநிலை, இன்னொன்று நீர்ச் சமநிலை. இடப்பக்கம் உள்ளே போவது, வலப்பக்கம் வெளியே வருவது. இரண்டு பக்கமும் கூட்டினால் ஒரே தொகை வர வேண்டும். வலப்பக்கத்தில் பெட்ரோல், டீசல், எரிவாயு, கந்தகம் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். கடைசியில் 'எரிபொருளும் இழப்பும்' என்று ஒரே வரி இருக்கும். பல ஆலைகளில் அது உள்ளே போன எண்ணெயில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு. அதில் உலைகளில் எரித்தது எவ்வளவு, ஃபிளேரில் எரிந்தது எவ்வளவு, தொட்டியிலிருந்து ஆவியானது எவ்வளவு, சேற்றோடும் கழிவுநீரோடும் போனது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். நீர் அட்டவணையில், ஒரு நாளில் பெய்யக்கூடிய உச்ச மழைக்கு எந்த எண்ணை எடுத்திருக்கிறார்கள், அந்த எண் எந்த ஆண்டு மழையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். ஆலை நடத்துபவர்களிடம் இந்தக் கணக்கு இருக்கும். ஒவ்வொரு ஷிப்டும் எழுதி வைக்கிறார்கள். நான் எழுதியிருக்கிறேன், அதனால் தெரியும்.